ஒரே அளவு வளையல்

கிருஷ்ணவேணியின் வயிற்றைப் பார்த்து முடிக்க டாக்டருக்குப் பதினோரு நிமிஷம் போதுமானதாக இருந்தது. அபிநயாவின் வயிற்றுக்கு நாற்பத்தெட்டு நிமிஷம் ஆனது. காஞ்சிபுரத்தில் அந்த ஸ்கேன் சென்டரின் வெளிக்கூடத்தில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கிருஷ்ணவேணி அந்த நாற்பத்தெட்டு நிமிஷத்தையும் ஒன்றுவிடாமல் எண்ணினாள்.

எண்ணுவது அவள் பிழைப்பு. ஐயம்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே பட்டுப் புடவைகளுக்கு முந்தானைக் குச்சு கட்டுகிறவள் அவள். கடைகளிலிருந்து வாரத்துக்கு இருபது முப்பது புடவை வந்து இறங்கும். முந்தானை ஓரத்தில் விட்டிருக்கும் இழைகளைப் பிரித்து, எண்ணி, முறுக்கி, முடிச்சுப் போட வேண்டும். ஒரு குச்சில் நாலு இழை கூடிவிட்டால் பக்கத்துக் குச்சு மெலிந்து காட்டிக் கொடுத்துவிடும். அளவுகோல் கிடையாது. கண்தான் அளவு. பதினைந்து வருஷம் அப்படி அளந்து பழகிய கண், சோறு தின்னும் நேரத்தில் மட்டும் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. தன் தட்டில் விழுந்த மீன் துண்டையும் ஓரகத்தி தட்டில் விழுந்த துண்டையும் அது அளந்தது. அபிநயா அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து எட்டே மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் கிருஷ்ணவேணியின் கண் அளக்காத பொருள் அந்த வீட்டில் எதுவும் பாக்கியில்லை.

அவளைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிருஷ்ணவேணிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. புருஷன், ஷேர் ஆட்டோ ஓட்டும் லோகேஸ்வரன், நல்ல மனுஷன். ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. ஆனால் ஊர் பேசியது. யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் அவளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். சந்தனம் பூச அவளைக் கூப்பிட்ட வாய், பாதியிலேயே திரும்பி வேறு ஒருத்தியைக் கூப்பிடும். ஒன்பது வருஷம் அந்தக் கடைசி வரிசையில் நின்றாள். பத்தாவது வருஷம், பங்குனி மாதம், நாள் தள்ளிப்போனது. அந்தச் செய்தியை மாமியார் பச்சையம்மாளின் காதில் சொன்னபோது, அந்த அம்மாள் மடியில் இருந்த முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து மருமகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீடு முழுக்க ஒரே பேச்சு, கிருஷ்ணவேணி பேச்சு.

அது நான்கு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் காலையில் அபிநயா வாந்தி எடுத்தாள். கணக்குப் பார்த்தால் சின்னவள் இரண்டு வாரம் முந்தி.

ஒன்பது வருஷமாக வரிசையில் நின்றவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நேற்று வந்தவள் முதல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போனது போல இருந்தது கிருஷ்ணவேணிக்கு. இப்போது ஸ்கேன் அறைக்குள்ளும் அவளுக்குத்தான் நாற்பத்தெட்டு நிமிஷம்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. புதருக்குள் காற்று விட்டுவிட்டு வீசுவது போல, உஸ்... உஸ்... என்று. தன் முறை வந்தபோது அந்தச் சத்தம் சில நொடிதான் கேட்டது என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதையும் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் நர்ஸ் வந்து அவளை உள்ளே கூப்பிட்டாள். அபிநயா படுக்கையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். டாக்டர் நிக்கத், காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், ரொம்ப நிதானமாகப் பேசுகிறவர். திரையில் வரிசையாக எழும்பி விழுந்த அலைகளைக் காட்டி விளக்கினார். கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இருக்கிறதாம். பிள்ளை வளர வளர அவை இளகி அகலமாக வேண்டுமாம். அபிநயாவுக்கு இரண்டு பக்கமும் விறைப்பாக இருக்கிறதாம். அதனால்தான் ஒவ்வொரு அலையின் சரிவிலும் ஒரு பள்ளம் விழுகிறதாம். இன்றைக்கு பிரஷர் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இவள் அம்மாவுக்கும் முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையும் இந்த அலையும் சேர்ந்து சொல்வது, ஆறாம் ஏழாம் மாதத்துக்கு மேல் இவளுக்கும் ஏற வாய்ப்பு அதிகம் என்று. கட்டாயம் வரும் என்று அர்த்தமில்லை. வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் வளர்ச்சி குறையும். முன்கூட்டியே தெரிந்ததால் ஒரு வழி இருக்கிறது. இன்றிலிருந்து தினமும் இரவு ஒரு சின்ன மாத்திரை. ஒன்பதாம் மாதம் வரைக்கும் ஒரு நாள்கூட விடக் கூடாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கிருஷ்ணவேணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு எப்படி டாக்டர் இருக்குது?"

"உங்களுக்கு ரத்த ஓட்டம் ஜம்முனு இருக்குதும்மா. கவலையே வேணாம்."

வெல்லமாக இனிக்க வேண்டிய வார்த்தை. அவளுக்கோ, விருந்தில் பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தவன் தன் இலையை மட்டும் தாண்டிப் போனது போல இருந்தது.

நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்தவள் கையில் கொடுக்காமல், கண் தெளிவாக இருந்தவள் கையில் கொடுத்தாள். மாத்திரை தினமும் இரவில், ஒருவருக்கு மட்டும் உரியது, மற்றவர் போடக் கூடாது. கை, முகம் வீங்கினால், தலைவலி வந்தால், கண் முன்னால் பூச்சி பறந்தால், மேல் வயிறு வலித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நல்ல தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. கிருஷ்ணவேணி ஷேர் ஆட்டோவில் அதை இரண்டு தடவை படித்தாள். வீட்டுக்கு வந்ததும் நாலாக மடித்துத் தன் நூல் டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். ஒளித்து வைத்தாள் என்று சொல்ல முடியாது. எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

பச்சையம்மாளுக்கு விஷயம் புரிபடவே இல்லை.

"நாலு மாசம் கழிச்சி ஏறப்போற பிரஷரு இன்னைக்கே எப்படிம்மா தெரியும்? கோயில் வாசல்ல கிளி சீட்டு எடுக்குதே, அந்த மாதிரியா?"

கிண்டல் வாயோடு சரி. பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அபிநயாவின் புருஷன் அஜித், ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்ப்பவன், பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். சாயந்தரம் ஆனால் அபிநயா நடுக்கூடத்தில் கையை நீட்டுவாள். பட்டை உப்பும். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். நூற்றுப் பத்து, எழுபது என்றதும் பச்சையம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அபிநயா குடம் தூக்கக் கூடாது, அபிநயா வெயிலில் நிற்கக் கூடாது, மின்விசிறிக்கு நேர் கீழே அபிநயா.

அந்தப் பட்டையை ஒருத்தரும் கிருஷ்ணவேணியின் கையில் சுற்றவில்லை. ஒரு மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அவளே சுற்றிக்கொண்டாள். பட்டை உப்பி, கையை இறுக்கி, மெல்லத் தளர்ந்தது. நூற்றுப் பதினெட்டு, எழுபத்தாறு. நல்ல நம்பர்தான். பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அன்று மாலை குச்சு கட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"ஸ்பெஷல் புள்ளைக்கு ஸ்பெஷல் மாத்திரை. நம்ப புள்ளை ரேஷன் கடைப் புள்ளை."

இந்த வார்த்தைதான் வினையாயிற்று.

ஏனென்றால் பச்சையம்மாளிடம் ஒரு சட்டம் இருந்தது. அவள் மருமகளாக இருந்த காலத்தில், மாமியார்க்காரி மூத்த மருமகளுக்குப் பாலும் இவளுக்கு மோரும் ஊற்றினாள். அந்த மோரைக் குடித்துக்கொண்டே பச்சையம்மாள் ஒரு சபதம் எடுத்தாள், என் வீட்டுக்கு எத்தனை மருமகள் வந்தாலும் ஒரே அளவு என்று. அப்படியே நடத்தினாள். ஒரு மாம்பழம் வந்தால் சரிபாதி வெட்டுவாள். கொட்டையைத் தானே சப்புவாள். பூ வாங்கினால் ஆளுக்கு ஒரு முழம், அதே கையால் அளந்து. தீபாவளிக்கு ஒரே விலையில் இரண்டு புடவை. அப்படிப்பட்டவள் காதில் 'ரேஷன் கடைப் புள்ளை' என்ற சொல் விழுந்தால் எப்படித் தாங்குவாள்?

இரண்டு மருமகள்களின் மாத்திரைகளும் அவள் பொறுப்பில்தான், ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அபிநயாவுக்கு மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். மாமியார் உள்ளங்கையில் வைக்கிற நாலைந்தையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்குவாள். எது சிவப்பு, எது வெள்ளை என்று அவள் பார்த்ததே கிடையாது.

மறுநாள் இரவு, சாப்பாட்டுக்குப் பிறகு, கிருஷ்ணவேணியின் உள்ளங்கையில் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை உட்கார்ந்திருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு நாளு அவளுக்கு, ஒரு நாளு உனுக்கு," என்றாள் பச்சையம்மாள், தாழ்ந்த குரலில். "புள்ளைக்கு ரத்தம் நல்லாப் போறதுக்கான மாத்திரையாமே. ரத்தம் ரெண்டு புள்ளைக்குந்தான் வேணும்? நான் ஓரவஞ்சனை பண்றவ இல்ல வேணி."

அந்த நேரத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது பூச்சரம் இல்லை அத்தை, பாதியாக வெட்டுவதற்கு. நூல் டப்பாவில் தாள் இருக்கிறது, படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் வரவும் செய்தது. ஆனால் அந்த வெள்ளை மாத்திரை உள்ளங்கையில் அவ்வளவு அழகாக இருந்தது. இத்தனை மாதத்தில் முதன்முறையாக அவளிடம் இருந்து எதையோ எடுத்து இவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கிருஷ்ணவேணி தண்ணீர் ஊற்றிக்கொண்டு விழுங்கினாள்.

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள். அவள் மனசு அதையும் எண்ணிக்கொண்டே வந்தது.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். மறுபடியும் டாக்டர் நிக்கத், மறுபடியும் அந்த உஸ்... உஸ்... அபிநயாவின் அலைகளில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. டாக்டரின் நெற்றி சுருங்கியது.

மாத்திரையை ஒரு நாளும் விடவில்லையே என்று அவர் கேட்டார். எங்க அத்தை அவங்க கையாலேயே தினமும் கொடுக்கிறாங்க என்று அபிநயா பெருமையாகச் சொன்னாள். டாக்டர் திரும்பி, துணைக்கு நின்ற கிருஷ்ணவேணியைப் பார்த்தார். சாட்சிக்குத்தான் பார்த்தார்.

கிருஷ்ணவேணி தலையை ஆட்டினாள்.

இரும்பு நாற்காலியும் கடிகாரமும் இருந்த கூடத்துக்கு வந்ததும் அவள் அதே இடத்தில் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வீட்டு வாசலில் அஜித் இளநீரோடு நின்றான். இளநீர் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறுபடி உள்ளே போய்விட்டது.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஒரே வீட்டில் ஒரே நாளில் இரண்டு மணை போடக் கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்தார்கள். பச்சையம்மாள் கேட்கவில்லை. ஒரு மணையை எடுத்த பிறகு அடுத்த மணை போட்டால் தோஷமில்லை என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நாள் கணக்கில் முந்தியவள் என்பதால் முதல் மணை அபிநயாவுக்கு. கிருஷ்ணவேணிக்கு அதுவும் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பரவாயில்லை. ஒன்பது வருஷம் கடைசி வரிசையில் நின்ற கால், இன்னும் அரைமணி நேரம் நிற்காதா? மணையில் உட்காரப் போகிறாளே, அது போதும்.

பத்து நாள் முன்னால் வளையலுக்கு அளவு கொடுக்க இரண்டு பேரையும் பச்சையம்மாள் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப் போனாள். வளையல் கடை ஜான் பாஷாவுடையது. பெண்களுக்கு வளையல் ஏற்றுவது அவர் மனைவி நபீசா. இருவர் கையையும் பிசைந்து பார்த்துவிட்டு, நபீசா சிரித்தாள்.

"மாமியாருக்கு ஏத்த மருமகளுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே சைஸு, ரெண்டு நாலு."

முப்பத்துமூன்று வயதுக் கையும் இருபத்துநாலு வயதுக் கையும் ஒரே அளவு. அந்த மாதத்தில் கிருஷ்ணவேணிக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

வளைகாப்பு நாள் வந்தது. வாசலில் பந்தல். கூடம் முழுக்கப் பெண்கள். அபிநயா மணையில் உட்கார்ந்தாள். வளைகாப்பு அமளியில் பத்து நாளாகப் பிரஷர் மெஷினை யாரும் வெளியே எடுக்கவில்லை. காலையிலிருந்தே தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரத்தலை, பூ பாரம் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். கிருஷ்ணவேணி பட்டுப் புடவை கட்டி, தன் வளையல் தட்டுக்குப் பக்கத்தில், சுவரோரமாக நின்றாள். அவள் அம்மா வாலாஜாபாத்திலிருந்து ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்து, மூக்குத்தி மின்ன உட்கார்ந்திருந்தாள்.

நபீசா வளையலை ஏற்ற ஆரம்பித்தாள். முதல் வளையல் அபிநயாவின் விரல் முட்டியில் நின்றுவிட்டது. சோப்பு நுரை போட்டுப் பார்த்தாள். ஏறவில்லை. அழுத்தினாள். பட்டென்று உடைந்தது.

உடனே யாரோ சிரித்துச் சமாளித்தார்கள். மாமியார் வீட்டுச் சோறு நல்லா ஒட்டியிருக்குது என்றாள் ஒருத்தி. இரண்டாவது வளையலும் உடைந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த இரண்டு சத்தமும் கிருஷ்ணவேணியின் காதில் தேனாக விழுந்தன. அவள் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட அரும்பியது. அந்தச் சிரிப்போடுதான் அவள் அபிநயாவின் கையைப் பார்த்தாள். பார்த்ததும் கண் தன் தொழிலைச் செய்தது. அளந்தது.

இது பத்து நாள் முன்னால் பார்த்த இரண்டு நாலு கை இல்லை. விரல்கள் பழுத்த வாழைப்பழம் போல உருண்டிருந்தன. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. இமைகள் தடித்திருந்தன. சோறு ஒட்டி வந்த சதைக்கு இவ்வளவு பளபளப்பு வராது. அது நீர். இந்த வீட்டில் அபிநயாவை அவ்வளவு உற்றுப் பார்த்தவர் வேறு ஒருவரும் இல்லை. புருஷன் பார்த்ததில்லை, மாமியார் பார்த்ததில்லை, பெற்றவள் பார்த்ததில்லை. பாசம் வைத்தவர்கள் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அவளை நாள்தவறாமல் அளந்துகொண்டே இருந்தது பொறாமை ஒன்றுதான்.

யாரோ போனில் போட்டோ எடுத்தார்கள். அபிநயா கண்ணைக் கசக்கினாள். வெளிச்சம் போன பிறகும் ஏதோ மினுமினுன்னு பறக்குது என்றாள்.

நூல் டப்பாவில் நாலாக மடித்து வைத்த தாள், கிருஷ்ணவேணியின் நெஞ்சுக்குள் தானாக விரிந்தது. கை வீக்கம். தலைவலி. கண் முன்னால் பூச்சி.

நபீசா புத்திசாலித்தனமாக இரண்டு நாலை விட்டுவிட்டுப் பெரிய அளவு வளையல்களை ஏற்றி முடித்தாள். அபிநயாவை எழுப்பினார்கள். மணையை எடுத்து, கழுவி, புதிதாகக் கோலம் போட்டு மறுபடி வைத்தார்கள். பச்சையம்மாள் ஆரத்தித் தட்டோடு திரும்பினாள்.

"வாம்மா வேணி. வந்து ஒக்காரு. உன் நேரம் வந்துடுச்சி."

ஒன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. மணை ஐந்தடி தூரத்தில் இருந்தது. அவள் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு அரைமணி நேரம். உட்கார்ந்து, வளையல் போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, அதற்குப் பிறகு சொன்னால் என்ன? அரைமணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? கிருஷ்ணவேணி நடந்தாள். மணைக்கு முன்னால் வந்து நின்றாள். உட்கார முழங்காலை மடக்கினாள். அந்த நேரத்தில் அபிநயா, போகிற போக்கில், மேல் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்ததைப் பார்த்தாள்.

மடக்கிய முழங்கால் நிமிர்ந்தது.

"அத்தை, நிறுத்துங்க. இவளை இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போணும்."

கூடம் முழுக்க முணுமுணுப்பு. பச்சையம்மாளின் அக்காள், வாய்க்குப் பூட்டில்லாதவள், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மொத மணை அவளுக்குப் போட்டுட்டாங்கன்னு இவளுக்கு வயிறு எரியுதுபா. நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசறா."

"ஆமா பெரியம்மா, எரியுது," என்றாள் கிருஷ்ணவேணி. குரல் உடையவில்லை. "இவ வந்த நாள்லேருந்து எரிஞ்சிக்கினுதான் இருக்குது. அதனாலதான் சொல்றேன். இவ கை பத்து நாள் முன்ன இப்படி இல்ல. எனக்குத் தெரியும். அத்தை, அந்த வெள்ளை மாத்திரை இவளுக்கு மட்டும் எழுதினது. தெனமும் போடணும். என்கிட்ட தாளு இருக்குது. நீங்க தெரியாம பங்கு போட்டீங்க. நான் தெரிஞ்சே முழுங்கினேன்."

பச்சையம்மாளின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. ஆரத்தித் தண்ணீர் புதுக் கோலத்தின்மேல் சிவப்பாக ஓடியது. கிருஷ்ணவேணியின் அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லோகேஸ்வரன் ஆட்டோவை எடுத்தான். அன்றைக்கு அது ஷேர் ஆட்டோ இல்லை. வழி நெடுக அபிநயாவின் கை வளையல்கள் குலுங்கிக்கொண்டே வந்தன.

பெரிய ஆஸ்பத்திரியில் பட்டை சுற்றிப் பார்த்தபோது நூற்று எழுபது, நூற்றுப் பன்னிரண்டு. சிறுநீரில் புரதம். ஊசி ஏற்றுவதற்காக நர்ஸ் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, கழலாததை உடைத்தாள். பிரஷர் இறங்க ஊசி, வலிப்பு வராமல் இருக்க ஊசி, பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஊசி. இன்னும் அரைநாள் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்று டூட்டி டாக்டர் அம்மா சொன்னார். மூன்றாம் நாள் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலத்தில் நெஞ்சு ஏறி இறங்கியது.

கிருஷ்ணவேணி அந்த டாக்டர் அம்மாவைத் தேடிப் போய், எதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள், தினமும் போட்டிருந்தால் இது வந்திருக்காதுதானே என்று. டாக்டர் அம்மா மூன்றாம் மாத ஸ்கேன் தாளை எடுத்துப் பார்த்தார். ஒழுங்காகப் போடுகிறவர்களில் நிறையப் பேருக்கு வராமல் போகிறது, சிலருக்குப் போட்டும் வருகிறது, இவளுக்கு எப்படி என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். கிருஷ்ணவேணிக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் வேண்டியிருந்தது. ஆம் என்றிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் மூச்சு விட்டிருப்பாள். இரண்டும் கிடைக்காமல் வெளியே வந்தாள்.

நான்கு நாள் கழித்து வார்டு வாசலில் போய் நின்றாள். அபிநயா அவளை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தினி மாத்திரைக்கா போட்ட?"

"அம்பத்தெட்டு."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

அபிநயா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு இரண்டு மாதம் அவர்கள் இருவருக்குள்ளும் ஒரு பேச்சும் இல்லை. பச்சையம்மாள் பிஸ்கட் டப்பாவைத் தொடவே இல்லை. அவரவர் மாத்திரையை அவரவரே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். கிருஷ்ணவேணிக்கு மறுபடி வளைகாப்பு வைக்கலாம் என்று லோகேஸ்வரன் சொன்னபோது அவளே வேண்டாம் என்றாள். இரண்டு நாலு அளவு வளையல்கள் தட்டோடு பீரோவுக்கு மேலே கிடந்தன.

ஒன்பது மாதம் நிறைந்து கிருஷ்ணவேணிக்குச் சுகப்பிரசவம் ஆனது. ஆண் குழந்தை, மூன்று கிலோ முந்நூறு. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், அபிநயா தன் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு அறை வாசலில் வந்து நின்றாள். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிள்ளை. பதினோரு வாரத்துக்கு முன்னால் பிறந்தும், தொட்டிலில் கிடந்தவனைவிட இளைத்திருந்தது.

அபிநயா தொட்டில் குழந்தையைத்தான் பார்த்தாள். முதலில் அவன் தொடையின் மடிப்பை. பிறகு கன்னத்தை. பிறகு தன் தோளில் கிடந்த ஈர்க்குச்சிக் காலை. பார்வை இரண்டு குழந்தைக்கும் நடுவில் போய்ப் போய்த் திரும்பியது. கிருஷ்ணவேணிக்கு அந்தப் பார்வையைத் தெரியும். ஒன்பது வருஷம் கண்ணாடியில் பார்த்த பார்வை.

அவள் பிள்ளைபெற்ற இடுப்பு வலிக்க மெல்ல எழுந்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு வந்து, அபிநயாவின் இன்னொரு கையில் வைத்தாள்.

"நல்லாப் பாரு அபி. வயிறு எரிஞ்சா என் மூஞ்சிக்கு நேராச் சொல்லிடு. உள்ள வெச்சிக்காத. அது நல்லதில்ல."

அபிநயா கொஞ்ச நேரம் அவனுடைய கனத்தைக் கையில் தாங்கிப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்தது.

"எரியுதுக்கா," என்றாள்.

"சரி, ஒக்காரு," என்றாள் கிருஷ்ணவேணி. நகர்ந்து கட்டிலில் இடம் விட்டு, அந்தச் சின்னப் பெண்ணைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.